பழைய வீட்டில் புதுச் சமையலறை: கபினெட்டுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

பெரியம்மா வீட்டு நடுமுற்றத்தில் மூன்று மாதமாக ஒரு சமையலறைக் கபினெட் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாய்ந்து நின்றது. பணம் கட்டியாகிவிட்டது. ஆள் வந்து அளந்து போயாகிவிட்டது. சாமானும் வந்து இறங்கிவிட்டது. மாட்டுவதற்குத்தான் சுவர் இல்லை.

வீடு ஜார்ஜ்டவுனில் உள்ளது. போருக்கு முந்தைய வரிசை வீடு. முன்னால் அஞ்சடி, நடுவில் வானம் பார்த்த முற்றம், கடைசியில் சமையலறை, அதற்கும் பின்னால் சந்து. துறைமுகத்தில் வேலை செய்த தாத்தா வாங்கிப் போட்டது. பெரியப்பாவின் இ.பி.எஃப். பணத்தில் மீதமிருந்த 25,000 வெள்ளியில் குசினியை மாற்றிவிட வேண்டும் என்பது பெரியம்மாவின் நெடுநாள் ஆசை. வீட்டுப் பொருள் கண்காட்சிக்குப் போனார். "இன்றைக்கு மட்டும்" என்ற விலையைக் கேட்டார். அங்கேயே 4,000 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். பழைய கபினெட்டைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது, அதன் பின்னாலிருந்த சுவர் பூசணம் பிடித்து, விரல் வைத்தால் உதிரும் நிலையில் இருந்தது.

ஜார்ஜ்டவுனில் மட்டுமல்ல, ஈப்போவிலும் தைப்பிங்கிலும் தெலுக் இந்தானிலும் இப்படிப்பட்ட பழைய வீடுகளை வைத்திருக்கும் நம்மவர்கள் உண்டு. கையில் இருக்கும் தொகை சிறியது, அதுவும் ஒரு முறைதான் வரும் என்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீடுகளின் சுவர் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. இன்று வீடு கட்டும்போது தரையிலிருந்து ஈரம் ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் ஒரு தடுப்பு வைப்பார்கள். அந்தக் காலத்துச் சுவர்களில் பெரும்பாலும் அது கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் தரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அதனால் பெரிய தொல்லை இல்லை, ஏறிய ஈரம் பூச்சு வழியாகவே காற்றில் போய்விடும். பின்னாளில் வந்தவர்கள் "பலமாக இருக்கட்டும்" என்று சிமெண்டு பூசினார்கள், அதன்மேல் பளபளக்கும் பெயிண்ட் அடித்தார்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. சுவரில் கொப்புளம் கொப்புளமாக எழும்புவது இதனால்தான்.

இந்த ஈரம் வழக்கமாக நிற்பது முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை. கீழ்க் கபினெட் உட்காரும் உயரமும் அதே. வெளியே என்ன அழகான தாள் ஒட்டியிருந்தாலும், உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால், முதலில் ஓரம் உப்பும், பிறகு திருகாணி பிடி விடும், பிறகு கதவு தொங்கும். கடைக்காரர் சொல்லும் உத்தரவாதத்தில் "ஈரத்தால் வரும் சேதம் சேராது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் இருந்தது.

எனவே எந்தக் கடைக்கும் போகும் முன் பழைய சாமான்களை நகர்த்திச் சுவரைப் பாருங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒழுகும் குழாயா, அடைத்த வடிகாலா, கூரைச் சந்திலிருந்து இறங்கும் மழைநீரா? தார் மேல் தார் போட்டுப் பின்சந்து வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்ட இடங்களும் உண்டு. அதைச் சரிசெய்யாமல் சுவரை மட்டும் பூசினால் காசு தண்ணீரில்தான் போகும். எங்கள் வீட்டில் சிமெண்டைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். சுண்ணாம்பு அவசரத்துக்கு மசியாது, காற்றை வாங்கி மெல்ல மெல்லத்தான் இறுகும். மூன்று மாதக் காத்திருப்பு அதற்காகத்தான்.

சுவர் ஆறியதும் மாட்ட வந்தார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே கபினெட் நுழையவில்லை, மூன்று சென்டிமீட்டர் இடிக்கிறது. பழைய பூச்சின் மேல் அளந்தது எப்படிப் புதுப் பூச்சுக்குப் பொருந்தும்? கடைக்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "உங்க சுவருதான்மா கோணல்." அது பொய்யில்லை. எண்பது, தொண்ணூறு ஆண்டுச் சுவர் நூல் பிடித்தது போல இருக்காது. அதனால்தான் பூச்சு வேலை முடிந்த பிறகு, தரையோரம், நடு, மேல் என மூன்று உயரத்தில் அளக்கச் சொல்ல வேண்டும். மூன்றில் சிறிய அளவுக்குச் செய்து, மிச்ச இடைவெளியை ஒரு பட்டையால் மூடுவதுதான் விவரம் தெரிந்த தச்சர் செய்வது. கபினெட்டின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். அடியில் மூடிய பலகைக்குப் பதிலாகக் கால்கள் இருந்தால் இன்னும் நல்லது, காற்று போகும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

எந்தப் பொருளில் செய்வது? என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டில், குறைந்த பணத்தில், கீழ்ப்பகுதிக்குச் செங்கல் கட்டி, மேலே கான்கிரீட் பலகை போட்டு டைல்ஸ் ஒட்டுவதை மிஞ்ச எதுவும் இல்லை. நம் தோட்டத்து வீடுகளிலும் கம்பத்து வீடுகளிலும் பார்த்துப் பழகியதுதான். பத்து லிட்டர் பானையைத் தொப்பென்று வைக்கலாம், தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், தேங்காய் உடைக்கலாம். அதற்கு அலுமினியக் கதவு போட்டுக்கொண்டால் போதும். அலுமினியம் உப்பாது, கரையான் தொடாது. மூடும்போது கொஞ்சம் சத்தம் வரும், அடிபட்டால் நசுங்கும், அவ்வளவுதான். மரம்தான் வேண்டும் என்றால் தூள் பலகையைவிட ஒட்டுப்பலகை தாங்கும், விலையும் கூடும்.

மேல் கபினெட்டில் அடக்கம் வேண்டும். பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் மென்மையானவை, தட்டுமுட்டுச் சாமான் நிறைந்த பெட்டியை நான்கு திருகாணியில் தொங்கவிட்டால் ஒரு நாள் சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும். பல வீடுகளில் அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம் என்பதையும் மறக்கக் கூடாது. பெரியம்மா வீட்டில் கம்பிவலைக் கதவு வைத்த பழைய மர அலமாரி ஒன்று உண்டு. எறும்பு ஏறாமல் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள். "இத வீசிடலாம்" என்று சொன்னது நான்தான். இன்று மசாலாவும் பருப்பும் அதில்தான் இருக்கின்றன, மேல் கபினெட்டில் ஆறு அடி மிச்சமானது.

அடி என்றதும் விலைக் கணக்கு நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் கபினெட் விலையை நீள அடிக் கணக்கில் சொல்வார்கள். பத்தடிச் சுவருக்குக் கீழே பத்து, மேலே பத்து என்றால் இருபதடிக்குப் பணம். மூலை திரும்பும் சமையலறையில் சிலர் அந்த மூலையை இரண்டு பக்கமும் எண்ணுவார்கள், கேட்டால்தான் குறைப்பார்கள். அடி விலையில் மேற்பலகை சேருமா, சிங்க் சேருமா, இழுப்பறைக்குத் தனிக் காசா, பழையதைக் கழற்றி அள்ளிக்கொண்டு போவார்களா? பதிலை வாயால் வாங்காதீர்கள், விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். பொருளின் பெயரும் தடிமனும் அதில் இருக்கட்டும். பின்னால் தகராறு வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய சமையலறையில் ஒரு பிளக், அதில் ஒரு நீட்டிப்புக் கம்பி, அதில் ஐந்து சாமான் என்பது நம் வீடுகளில் சாதாரணக் காட்சி. 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட்தான் தாங்கும். 2,000 வாட் கெட்டிலும் 1,500 வாட் ஏர் ஃபிரையரும் சேர்ந்தால் அந்த அளவு தாண்டிவிட்டது. அந்தச் சுமை போவது நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய வயரில் என்றால், தலைக்கு மேலே மரத்தளம் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரை அழைத்து, கபினெட் வருவதற்கு முன்பே வயரை மாற்றிவிட வேண்டும். பிறகு செய்தால் கபினெட்டின் முதுகைத்தான் ஓட்டை போடுவார்கள்.

பெரியம்மா வீட்டுப் பின்சுவரில், தரையோடு ஒட்டி, ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. வாளிக் கழிவறை இருந்த காலத்தில் சந்து வழியாக வந்து வாளியை எடுத்துப் போவதற்கான வழி அது. அடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். அடைக்கவில்லை, உறுதியான கம்பி போட்டு எலிவலை அடித்து வைத்திருக்கிறோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். தரைமட்டத்தில் ஒரு திறப்பு இருப்பது நல்லதுதானே! கேஸ் தோங்கைக் காற்றில்லாத மூடிய கபினெட்டுக்குள் ஒளித்து வைப்பது அழகாக இருக்கலாம், ஆனால் ஆபத்து.

காற்று என்றால் முற்றத்தையும் சொல்ல வேண்டும். மழை வருகிறது என்று முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடுகிறார்கள். வெளிச்சம் வரும், புகை போகாது, சுவரும் காயாது. மிளகாய் வதக்கித் தாளிக்கிற நம் சமையலுக்குக் கரி வடிகட்டியில் புகையைச் சுற்றிவிடும் புகைபோக்கி போதாது. குழாய் வைத்து வெளியே தள்ளுவதே வேண்டும்.

ஆனால் சுவரில் துளை போடும் முன் நில்லுங்கள். ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. மைய வட்டாரம், அதைச் சுற்றிய பாதுகாப்பு வட்டாரம் இரண்டிலும் தனி விதிகள் உண்டு. பெட்டி மாற்றுவது வேறு, சுவரை இடிப்பதும் கூரையை மாற்றுவதும் முற்றத்தை மூடுவதும் வேறு. பினாங்கு மாநகர் மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மற்ற ஊர்களிலும் கட்டடத்தை மாற்றும் வேலைக்கு ஊராட்சி மன்ற அனுமதி தேவை, 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. "அதெல்லாம் வேணாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்னும் குத்தகையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அபராதம் வந்தால் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

உயரத்தைப் பற்றி ஒன்று. கடையில் 85 முதல் 90 சென்டிமீட்டர் வரை செய்து வைத்திருப்பார்கள். பெரியம்மாவின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. நேராக நின்று முழங்கையை மடக்கி, அங்கிருந்து 10, 15 சென்டிமீட்டர் கீழே அளந்தால் அதுதான் வெட்டுகிற மேடையின் உயரம். அவருக்கு 80-க்குச் சற்றுக் குறைவாக வந்தது. அடுப்பு மேடை அதையும்விடத் தாழ இருந்தால் பெரிய சட்டிக்குள் எட்டிப் பார்க்காமல் கிளறலாம். தமிழில் சமைப்பதற்கு 'அடுதல்' என்று ஒரு பழைய சொல் உண்டு, அடுப்பும் அடுக்களையும் அதிலிருந்து வந்தவை. பல்கலைக்கழகத்தில் படித்த இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் சரி பாப்பா, குசினில எனக்குக் கை எட்டணும்" என்றார்.

கடைசியில் எங்கள் கணக்கு இப்படி வந்தது: கபினெட் 13,000 வெள்ளி. சுவர், வடிகால், வயர் மூன்றும் 9,500. கபினெட்டின் ஒரு பக்கத்தை இழைத்து நுழைக்கத் தச்சருக்கு 400. முதலில் சுவரைப் பார்த்திருந்தால் செங்கல் மேடை கட்டியிருப்போம், கபினெட்டில் பாதிப் பணம் கையில் இருந்திருக்கும். சிங்க் வாங்கியாகிவிட்டது, பொங்கல் பானை கிடையாகப் படுக்கும் அளவுக்கு ஒரே தொட்டி. மீதமிருப்பது ஆயிரத்துச் சொச்சம். புகைபோக்கி தீபாவளிக்குப் பிறகுதான். அதுவரை முறுக்கு அடுப்பு முற்றத்தில்.