பேராசிரியர் றொஸ் அண்டர்சனும் பாதுகாப்புப் பொறியியலும்

ஒருவருடைய வங்கிக் கணக்கிலிருந்து அவர் அறியாதவாறு பணம் எடுக்கப்பட்டதாயின், அந்நட்டத்தை ஏற்கவேண்டியவர் யார்? வங்கியா, வாடிக்கையாளரா? நீதிமன்றத்துக்கே உரியதாகத் தோன்றும் இவ்வினா, கணனிப் பாதுகாப்பின் தலையாய வினாவுமாகும் என்று காட்டியவர் கேம்பிறிஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய றொஸ் அண்டர்சன் ஆவர். அவர்க்கு முன் இத்துறையிற் புகுந்தோர் பலர் இதனைக் கணிதத்தின் ஒரு கிளையாகவே கருதினர். இரகசியக் குறியீடு வலிதாயின் பொருளும் காக்கப்படும் என்பது அவர்தம் துணிபு.

அண்டர்சன் 1956ஆம் ஆண்டிற் பிறந்தவர், ஸ்கொத்லாந்தினர். கேம்பிறிஜிலுள்ள திரினிற்றிக் கல்லூரியிற் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் பயின்று 1978இற் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவுடன் ஆராய்ச்சியிற் புகாது, விமானக் கருவித் தொழிலிலும் பின்னர் வங்கிகளின் கணனிப் பணியிலும் பல ஆண்டுகளைக் கழித்தார். 1992இல், முப்பத்தைந்து வயது கடந்த நிலையில், கேம்பிறிஜுக்கு மீண்டு பேராசிரியர் றொஜர் நீதமிடம் ஆராய்ச்சி மாணவராயினார். 1995இற் கலாநிதிப் பட்டமும் விரிவுரையாளர் பதவியும் கிட்டின. 2003இற் பாதுகாப்புப் பொறியியற் பேராசிரியரானார். பிந்தி வந்தமை அவர்க்குக் குறையாகவில்லை. வங்கிகளின் உள்ளறைகளிற் கண்டவற்றை ஏனைய ஆய்வாளர் கண்டிலர்.

1993இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மறையீட்டு முறைகள் ஏன் தோல்வியுறுகின்றன என்பதை ஆராய்வது. ஏ.ரி.எம். எனப்படும் பணம் வழங்கும் பொறிகளில் நிகழ்ந்த மோசடிகளை அவர் திரட்டி நோக்கினார். கள்வர் கடினமான கணக்குகளை விடுவித்துக் குறியீட்டை உடைத்தனரோ எனின், இல்லை. வரிசையில் நின்று பிறர் அழுத்தும் இலக்கங்களைப் பார்த்து, அவர் வீசிச் சென்ற பற்றுச்சீட்டிலிருந்து கணக்கிலக்கத்தைப் பெற்றோர் சிலர். வங்கி ஊழியராயிருந்தே திருடினோர் சிலர். ஒருவகைப் பொறியிற் பதினான்கு இலக்கங்களைக் குறித்த வரிசையில் அழுத்தினாற் பத்துக் காசுத்தாள்கள் வெளிவரும். சோதனைக்கென வைக்கப்பட்ட அவ்வரிசையை ஒரு வங்கி தன் கிளைகளுக்குரிய கைந்நூலில் அச்சிட்டும் விட்டது! குறியீடு உடையாமலே பணம் போயிற்று.

ஆயினும் வங்கிகள் தம் பொறிகள் பிழைபடா என்றே சாதித்தன. அதன் கொடுமைக்கு ஒரு வழக்கே சான்றாகும். இங்கிலாந்திற் காவலர் ஒருவர் 1992இல் விடுமுறை கழித்து மீண்டபோது, தம் கணக்கிலிருந்து தாம் எடுக்காத பணம் குறைந்திருக்கக் கண்டு முறையிட்டார். நிதிநிறுவனமோ தன் கணனியிற் பிழையிருக்க இயலாது என்றது. முறையிட்டவர் மீதே மோசடி வழக்குத் தொடரப்பட்டு, 1994இல் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். மேன்முறையீட்டில் அண்டர்சன் எதிரிதரப்பு நிபுணராகத் தோன்றி, அக்கணனி முறையைத் தாம் பார்வையிட வேண்டும் என்றார். நிறுவனம் இணங்கவில்லை. பார்வையிட விடாத பொறியின் சாட்சியத்தை ஏற்க நீதிமன்றமும் இணங்கவில்லை. 1996இற் காவலர் விடுதலையானார். தாம் செய்யாத குற்றத்துக்காக அவர் இழந்த ஆண்டுகளை யார் மீட்டளிப்பார்?

இத்தகைய அனுபவங்களிலிருந்தே 2001ஆம் ஆண்டுக் கட்டுரை பிறந்தது. அமெரிக்காவில், வாடிக்கையாளர் மறுத்த கொடுக்கல் வாங்கலுக்கு அவரே பொறுப்பென நிறுவும் கடன் வங்கியைச் சார்ந்தது. நிறுவாவிடிற் பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். பிரித்தானியாவிலோ அக்காலத்திற் சுமை வாடிக்கையாளர் தலைமேல் இருந்தது. எனவே பிரித்தானிய வங்கிகள் அச்செலவிலிருந்து தப்பினவெனக் கருதத் தோன்றும். அண்டர்சன் கண்டதோ வேறு: அவை பாதுகாப்புக்குக் குறைவாகச் செலவிட்டவையல்ல, எனினும் அவற்றிடையே மோசடி மிகுந்தது. முறைப்பாடுகளைப் பொய்யெனத் தள்ளிய ஊழியர் சோர்வுற்றனர். சோர்வு திருடர்க்கு வாய்ப்பாயிற்று. காவல் செய்யும் ஆற்றல் ஒருவரிடமும் நட்டம் இன்னொருவரிடமும் இருக்குமாயின் காவல் தளரும் என்பது இதன் சாரம். தம் கணனியைக் காக்கப் பணம் செலவிடுவோர், அக்கணனி பிறரைத் தாக்கும் கருவியாவதைத் தடுக்கச் செலவிடத் தயங்குவதும் இதனாலேயே விளங்கும். 2002இல் அமெரிக்காவின் பேர்க்கிலியிற் பாதுகாப்புப் பொருளியல் ஆய்வரங்கு முதன்முறை கூடியது. புதியதொரு துறை தோன்றிற்று.

இவற்றால் அவர் கணித வல்லுநர் அல்லர் எனக் கொள்ளற்க. எலி பிஹாம், லார்ஸ் நுட்சென் என்போருடன் அவர் வகுத்த ‘சேர்பன்ற்’, அதாவது சர்ப்பம் என்னும் குறியீடு, அமெரிக்க அரசின் நியமத்துக்கான போட்டியில் இறுதி ஐந்தினுள் ஒன்றாகி இரண்டாம் இடம் பெற்றது. 2000ஆம் ஆண்டில் வென்றது பெல்ஜியத்தவரின் குறியீடாகும். அது சேர்பன்ற்றிலும் விரைவுடையது.

2010இல் அவரும் மாணாக்கரும் சில்லுப் பதித்த வங்கி அட்டைகளில் ஒரு குறையை வெளிப்படுத்தினர். களவாடிய அட்டைக்கும் கடையின் பொறிக்குமிடையே சிறு கருவியொன்றைப் புகுத்தினால், எந்த இலக்கத்தை அழுத்தினாலும் சரியென்றே பொறி ஏற்கும். அட்டையோ கையொப்பம் பெறப்பட்டதாக எண்ணிக்கொள்ளும். இது தொடர்பான மாணவர் ஒருவரின் ஆய்வேட்டை அகற்றுமாறு அட்டை வணிகத்தார் சங்கம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிற்று. நியூற்றனும் டார்வினும் பயின்ற பல்கலைக்கழகம், வலியோர்க்குக் கசக்கிறதென்று ஒரு மாணவரின் எழுத்தை மறைக்காது என்னும் கருத்துப்பட அண்டர்சன் மறுமொழி விடுத்தார். அத்துடன் நில்லாது, யாவரும் எளிதிற் பெற்று மேற்கோள் காட்டுமாறு அவ்வேட்டைத் துறையின் அறிக்கையாகவே வெளியிடச் செய்தார். ஆசிரியர் ஒருவர் மாணாக்கர்க்குச் செய்யத்தக்க உதவிகளுள் இதனினும் பெரியது அரிது.

இல்வாழ்வில் மனைவியும் மகளும் உடையவர். இசை அவர்க்குப் பொழுதுபோக்கினும் மேற்பட்டது. ஸ்கொத்லாந்தின் துருத்திக்குழலை வாசித்ததோடு, பழைய குழலிசை ஏடுகளைத் தேடித் தொகுத்து எவரும் பெறுமாறு இணையத்தில் இட்டுவைத்தார். நூல் வகையிலும் இதுவே அவர் வழக்கம். 2001, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதிப்புக் கண்ட ‘பாதுகாப்புப் பொறியியல்’ என்னும் பெருநூலின் முன்னைய பதிப்புக்களை விலையின்றிப் படிக்கக் கொடுத்தார். மூன்றாம் பதிப்பின் அதிகாரங்களை எழுத எழுத வெளியிட்டு வாசகரிடம் திருத்தம் வேண்டினார்.

2009இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகவும் தெரிவு செய்யப்பட்ட அவர், தம் பல்கலைக்கழகத்தோடு வழக்காடவும் தயங்கியவரல்லர். ஆசிரியரின் கண்டுபிடிப்புக்களைப் பல்கலைக்கழகம் தன் உடைமையாக்க முயன்றபோது எதிர்த்து நின்றார். 67 வயதிற் கட்டாயமாக ஓய்வளிக்கும் விதியையும் இறுதிவரை எதிர்த்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராய்ப் பணியேற்றுக் கற்பித்துவந்த அவர், 2024 மார்ச் 28ஆந் திகதி கேம்பிறிஜிலுள்ள தம் இல்லத்திற் காலமானார். அப்போது அவர்க்கு வயது 67.