பொறுத்திருந்து வலிமை பெறும் உலோகம்

அடுக்களையிலுள்ள அலுமினியப் பாத்திரம் கைதவறி விழுந்தால் நெளிந்துவிடுகிறது. ஆயினும், நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து வானிற் பறக்கும் விமானங்கள் பலவற்றின் சிறகுகளும் அலுமினியத்தால் ஆனவையே. மென்மையான இவ்வுலோகத்துக்கு அத்துணை வலிமை எங்கிருந்து வந்தது?

கொல்லன் பழுக்கக் காய்ச்சிய உருக்கைத் தண்ணீரில் தோய்த்தவுடன் அது கடினமாகிவிடும். அலுமினியத்தையும் இவ்வாறு கடினமாக்க முயன்றார், பேர்லின் நகரின் அருகே ஆராய்ச்சி நடாத்திய அல்பிரட் வில்ம் என்பார். 1906ஆம் ஆண்டில், நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு செம்பும் சிறிது மகனீசியமும் கலந்த அலுமினியத்தை 500 பாகை சதமத்துக்கு மேற் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தார். அது மென்மையாகவே இருந்தது. சில நாட்களின்பின் மீண்டும் சோதித்தபோதோ, வாளாகிடந்த அவ்வுலோகம் தானாகவே கடினமாகியிருந்தது! டியூரலுமின் எனப் பெயர்பெற்ற அக்கலப்புலோகம், முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே செப்பலின் வான்கப்பல்களின் உட்சட்டமாயிற்று.

இதன் காரணம் யாது? சுடுநீரிற் கரைந்த சீனியிற் பெரும்பகுதி, நீர் ஆறும்போது கற்கண்டாகப் பிரிவதை நாம் அறிவோம். சூடான அலுமினியத்திற் செம்பு அணுக்கள் அவ்வாறே கரைந்து நிற்கின்றன. சடுதியாகக் குளிரச்செய்தால் அவை பிரிய நேரமின்றி உள்ளே சிறைப்படுகின்றன. பின்னர் மெல்ல மெல்லச் சிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. உலோகம் வளைவது அதன் அணுப்படைகள் வழுக்குவதனால். அவ்வழுக்கலை இக்கூட்டங்கள் தடுக்கின்றன. இவ்வுண்மையை 1938இற் பிரான்சிற் கினியரும் இங்கிலாந்திற் பிறெஸ்ரனும் எக்ஸ் கதிர்கள் கொண்டு தனித்தனியே நிறுவினர்.

ஆனால், வலிமை தந்த செம்பே பகையுமாகலாம். அலுமினியத்தை அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம் காக்கிறது. தோய்த்தல் தாமதித்தாலோ, செம்பு பளிங்குமணிகளின் எல்லையிற் படிந்துவிடும். உப்புநீர் பட்டதும் அங்கே சிறு மின்கலங்கள் தோன்றி, எல்லை வழியே உலோகத்தை அரிக்கும். ஆகவே விரைந்து தோய்த்தல் வேண்டும். தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தாற் போர்த்துவதும் உண்டு.

நாகம் மிகுதியாகக் கலந்த 7075 என்னும் கலப்புலோகத்தின் வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. தோய்த்தபின் 120 பாகையில் ஒரு நாள் வைத்தால் அது வலிமையின் உச்சியை அடைகிறது. ஆனால் அந்நிலையில், இழுவிசையும் ஈரமும் ஒருங்கே தாக்கினால், தடித்த பாகங்கள் வெடிக்கக்கூடும். வானில் இவ்வெடிப்பு உயிர்களுக்கே கேடாகும். எனவே இன்னும் உயர்ந்த சூட்டில் மேலும் பல மணிநேரம் வைத்தனர். வலிமையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு குறைந்தது. வெடிப்பைத் தாங்கும் ஆற்றலோ பெரிதும் உயர்ந்தது. பொறியியலாளர் அந்நட்டத்தை விரும்பியே ஏற்றனர்.

வலிமையின் உச்சி வேறு, நிலைத்திருக்கும் ஆற்றல் வேறு. எத்துணைச் சூடு, எவ்வளவு நேரம் என்பதை அறிந்தவனே இரண்டையும் இணக்குகிறான். விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை மனங்கொள்வாராக.