கடல் ஓய்ந்தாலும் உலை ஓயாது!
மீன் இல்லாத நாளில் கைகொடுக்கும் மொச்சைக் குழம்பு

ஏப்ரல் 14-ந் தேதி நள்ளிரவு.

சென்னை ராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. மறுநாள் முதல் ஜூன் 14-ந் தேதி வரை அவை கடலுக்குள் போகக் கூடாது. மொத்தம் 61 நாட்கள்!

அது மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம். அதற்காகவே இந்தத் தடை. 2001-ம் ஆண்டு 45 நாட்களாக இருந்தது, 2017-ம் ஆண்டு முதல் 61 நாட்களாக நீண்டது.

கடலுக்கு ஓய்வு. வலைக்கு ஓய்வு. வயிற்றுக்கு ஓய்வு உண்டா?

இல்லையே!

அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறது. சிறு படகுகள் கொஞ்சம் மீன் கொண்டுவருகின்றன. ஆனால் வரத்துக் குறைந்தால் விலை ஏறும். நேற்று வரை மீனை விற்றவர் வீட்டிலேயே இன்று மீன் வாங்க யோசிக்க வேண்டியிருக்கிறது.

தடைக்காலத்தில் மட்டும் வரும் தொல்லையும் அல்ல இது. 2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் அருகே கடலில் 2 கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டிக் கரை கறுத்தது. 2023-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. இரண்டு முறையும் மீனை வாங்க மக்கள் பயந்தார்கள்.

அந்த மாதிரி நாட்களில் அடுப்பங்கரை டப்பாவில் இருந்து எழுந்து வருகிறது ஒரு தோழன். அதுதான் காய்ந்த மொச்சை!

ஏழையின் இறைச்சி

மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை மலிவாகக் கிடைக்கும். அதன் கொட்டை காய்ந்தால் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். குளிர்பெட்டி வேண்டாம். மூடி போட்ட டப்பா போதும்.

காய்ந்த மொச்சை 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதச்சத்து இருக்கிறது. உடம்பை வளர்ப்பதும், தேய்ந்ததைச் சரிசெய்வதும் இந்தப் புரதம்தான்.

சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது. அரிசிப் புரதத்தில் குறைவாக இருப்பது மொச்சையில் நிறைய இருக்கிறது. மொச்சையில் குறைவது அரிசியில் இருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருக்கும் வீடு மாதிரி, ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது!

எல்லாம் சரி. ஆனால் பல தாய்மார்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. எத்தனை நேரம் வைத்தாலும் மொச்சை வேகவில்லை என்பார்கள்.

ஏன் வேகவில்லை?

காரணம் மூன்று.

முதலாவது, அவசரம். மொச்சைக் குழம்பு மறுநாள் காலையில் தொடங்குவது அல்ல. முதல்நாள் இரவே தொடங்குகிறது. கால் கிலோ மொச்சையைக் கழுவி, அதைப் போல மூன்று பங்கு தண்ணீரில் 8 முதல் 10 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். நன்றாக ஊறினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஊறாமல் கல் போல் கிடப்பதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கத்தில் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருப்பது பழைய கதை. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ம் ஆண்டு காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது அது. கடினமான ஆழ்குழாய் நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து மொச்சையின் தோலை இறுக்கிவிடும். ஆகையால் ஊற வைக்கவும் வேக வைக்கவும் குடிநீரையே எடுங்கள்.

மூன்றாவது, புளி. இதுதான் பெரிய எதிரி! புளிப்பு பட்டதும் கொட்டை மேலும் வேக மறுத்துவிடும். அரைவேக்காட்டு மொச்சையைப் புளிக் கரைசலில் போட்டால், விறகு தீரும், மொச்சை வேகாது.

சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மை. ஆனால் 'பி-1' வைட்டமின் அழிந்துவிடும். அது வேண்டாம்.

குழம்பு வைக்கும் விதம்

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மொச்சையைக் கழுவுங்கள். புதுத் தண்ணீர் இரண்டு விரல்கடை மேலே நிற்க ஊற்றி வேக வையுங்கள். பானையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பழைய மொச்சைக்கு இன்னும் கூடுதலாக ஆகலாம்.

குக்கரில் 4 அல்லது 5 விசில் போதும். குக்கருக்குள் நீராவி அடைபட்டுச் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால்தான் இந்த வேகம். திறந்த பானையில் 100 டிகிரிக்கு மேல் ஏறாது.

இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக மசிந்தால் வெந்துவிட்டது.

மண் சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்குங்கள். கத்தரிக்காயைப் போட்டுப் பிரட்டி, குழம்பு மிளகாய்த் தூள் சேருங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள். பச்சை வாடை போனதும் வெந்த மொச்சையைப் போடுங்கள்.

மீனவர் வீட்டுச் சட்டியில் கடைசியாக விழுவது கருவாடு. சுடுநீரில் 10 நிமிடம் ஊற வைத்து மண் போகக் கழுவிய 4 துண்டு போதும். மீன் மிகுந்த நாளில் காய வைத்தது, மீன் இல்லாத நாளில் மணக்கிறது!

கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. அதனால் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குக் கருவாடு இல்லாமல் தனியாக எடுத்து வையுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்

எந்தக் காய்ந்த கொட்டையையும் அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. முக்கியமாக ராஜ்மா என்ற சிவப்பு பீன்ஸ். வேகாத ராஜ்மா நாலைந்து கொட்டையே வாந்தி, பேதியை உண்டாக்கிவிடும். ஊற வைத்து, தண்ணீரை மாற்றி, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைத்து, பிறகு முழுவதும் வேக விட வேண்டும். மிதமான சூட்டில் மெல்ல வேக வைத்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து.

நாளைக்கு இன்றே

மொச்சை கற்றுத் தரும் பாடம் ஒன்று உண்டு. கையில் காசு குறைந்த வீட்டுக்குப் பெரிய துணை, முன்யோசனை. நாளைப் பசிக்கு இன்று இரவே ஒரு பிடி ஊறப் போடுகிற தாய், பாதிக் கவலையை அப்போதே தீர்த்துவிடுகிறாள்.

ஜூன் 14 கழிந்ததும் காசிமேட்டில் விசைப்படகுகள் புறப்படும். வஞ்சிரமும் சங்கராவும் மறுபடி ஏலத்துக்கு வரும்.

அதுவரை சட்டியில் மொச்சை கொதிக்கட்டும். அதன் மணத்தில் குழந்தைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வரட்டும்!