அமைச்சராகாத சத்தியமூர்த்தி

சென்னை இராயப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு காங்கிரஸ் தலைமை அலுவலகத்துக்கு சத்தியமூர்த்தி பவன் என்று பெயர். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். செய்திகளில் ஓயாமல் அடிபடும் இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று புதுக்கோட்டையில் நான் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்களிடம் பலமுறை கேட்டதுண்டு. 'காமராஜரின் அரசியல் குரு' என்ற ஒரே விடை வரும். அதற்கு மேல் வராது. அவர் பிறந்த திருமயமோ, அந்த வகுப்பறையிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஓர் அரசியல்வாதி வகித்த பதவிகளை வைத்தே அவரை அளப்பது நம் வழக்கம். அந்த அளவுகோலில் சத்தியமூர்த்தி மிகச் சிறியவர். முதலமைச்சராகவோ அமைச்சராகவோ ஒரு நாள்கூட இருந்ததில்லை. நிர்வாக அதிகாரம் அவர் கையில் இருந்தது சென்னை மேயராக இருந்த ஓராண்டு மட்டுமே. மற்ற ஆண்டுகள் சட்டமன்றங்களின் எதிர்வரிசையிலும், மேடைகளிலும், சிறையிலும் கழிந்தன. ஆனாலும், அதிகாரம் இல்லாத அவையில் கேள்வி கேட்பதையே முழுநேர அரசியல் பணியாக ஆக்கிக்கொண்ட தமிழர்களுள் அவருக்கு இணையானவர் அரிது என்பது என் கருத்து.

அவர் பிறந்தது 1887 ஆகஸ்ட் 19. அன்று திருமயம் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் நடுவே இருந்த இச்சிறு சமஸ்தானத்துக்கு அம்மன் காசு என்ற தனி நாணயமும் உண்டு. (பணவியல் பாடம் நடத்தும்போது அந்தச் செப்புக் காசை மேசைமேல் வைப்பேன், உறங்கும் மாணவரும் நிமிர்ந்து உட்காருவார்.) புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் படித்து வழக்கறிஞரானார். 1919-இல் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களைப் பற்றி இங்கிலாந்து நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின்முன் முறையிடச் சென்ற காங்கிரஸ் தூதுக்குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நடைபெறும் முறையை அவர் நேரில் கண்டது அந்தப் பயணத்தில்தான். கேள்வி நேரத்தின் வலிமை அவருக்கு அங்கே புலப்பட்டிருக்க வேண்டும்.

அவரது பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள, அச்சீர்திருத்தங்கள் கொண்டுவந்த இரட்டை ஆட்சி முறையைச் சற்று அறிய வேண்டும். மாகாண அரசின் துறைகள் இரண்டு கூறாகப் பிரிக்கப்பட்டன. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்றவை தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் தரப்பட்டன. நிதி, நிலவரி, காவல் ஆகியவை ஆளுநரின் நிர்வாக சபையிடமே இருந்தன. அதாவது, பணப்பெட்டியின் சாவி ஒருவரிடம். பள்ளிக்கூடம் கட்டும் பொறுப்பு இன்னொருவரிடம். ஒதுக்கப்பட்ட துறைகளுக்கான மானியக் கோரிக்கையை அவை நிராகரித்தாலும், அது இன்றியமையாதது என்று ஆளுநர் சான்றளித்தால் செலவு நடந்துவிடும். இப்படிப்பட்ட அவைக்குள் எதற்காக நுழைய வேண்டும்?

காங்கிரஸ் இந்தக் கேள்வியில்தான் இரண்டுபட்டது. சட்டமன்றப் புறக்கணிப்பைத் தொடர வேண்டும் என்றனர் ராஜாஜி உள்ளிட்டோர். உள்ளே நுழைந்து, அந்த அமைப்பின் பொய்ம்மையை உள்ளிருந்தே காட்ட வேண்டும் என்றனர் சி.ஆர். தாசும் மோதிலால் நேருவும். சத்தியமூர்த்தி இரண்டாம் அணியில் நின்றார். 1923-இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் ஒரு ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருவது வெறும் சடங்கு என்று இன்று நினைக்கிறோம். அன்று, அதிகாரி ஒருவரை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்க இந்தியருக்கு இருந்த சில வழிகளுள் அதுவும் ஒன்று.

1928-ஆம் ஆண்டை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். பர்மா அரசின் தடையைத் தொடர்ந்து, சென்னை மாகாணத்தில் பாரதியாரின் பாடல் நூல்களைக் காவல் துறை பறிமுதல் செய்தது. பாரதியார் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. சத்தியமூர்த்தி இதை ஒத்திவைப்புத் தீர்மானமாக அவைக்குக் கொண்டுவந்தார். பாடல்களின் பொருளை அவையில் எடுத்துரைத்து, இவற்றில் எது குற்றம் என்று அரசைக் கேட்டார். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அரசுக்கு எதிராக வாக்களித்தனர். தீர்மானத்துக்கு அரசைக் கட்டுப்படுத்தும் சட்ட வலிமை இல்லை. ஆயினும் அந்தத் தடை நெடுநாள் நிலைக்கவில்லை. அதிகாரமற்ற அவை ஒன்று அரசை வெட்கப்படச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே அவையில், அதே காலத்தில், அவர் தவறான பக்கத்தில் நின்றதையும் சொல்லியாக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். அவையின் துணைத் தலைவராகவும் இருந்த அவர், பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் மரபு, கலை மரபு ஆகியவற்றின் பெயரால் அதை எதிர்த்தவர்களுள் சத்தியமூர்த்தி முன்னணியில் இருந்தார். சிக்கலின் வேர் பொருளாதாரத்தில் இருந்ததை முத்துலட்சுமி கண்டிருந்தார். தேவதாசிகளுக்கு விடப்பட்ட இனாம் நிலங்கள் கோயில் பணியோடு பிணைக்கப்பட்டிருந்தன. பணியை விட்டால் நிலமும் போகும். அவரது முயற்சியால் 1929-இல் வந்த சட்டத் திருத்தம் அந்தப் பிணைப்பை அறுத்தது. வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947-இல்தான் வந்தது. ஆட்சியாளரின் அநீதியை அவ்வளவு கூர்மையாகக் கண்ட ஒருவரால், தம் சமூகத்துக்குள் இருந்த அநீதியைக் காண இயலவில்லை. எங்கள் ஊர் தந்த இருவருள் இந்த விவாதத்தில் வென்றவர் முத்துலட்சுமிதான். அது நன்மைக்கே.

1934 தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர் ஆ. இராமசாமி முதலியாரைத் தோற்கடித்து, சத்தியமூர்த்தி தில்லி மத்திய சட்டமன்றத்துக்குச் சென்றார். புலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சியின் அவைத் தலைவர். இவர் துணைத் தலைவர். அவரது துணைக் கேள்விகளுக்கு அதிகாரிகள் அஞ்சியதாக அக்காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். அந்த அவை நிதி மசோதாவை நிராகரிக்கும். வைசிராய் தம் சிறப்பு அதிகாரத்தால் அதைச் சட்டமாக்குவார். இந்தியாவின் ஏற்றுமதியைப் பிரிட்டிஷ் பேரரசின் சந்தையோடு பிணைத்த ஒட்டாவா வணிக ஒப்பந்தத்தை அவை நிராகரித்ததும் 1936-இல் இந்தக் காலத்தில்தான். இந்திய வணிகக் கொள்கை குறித்த தெளிவு, விடுதலைக்கு முன்பே இத்தகைய விவாதங்களில் உருவாகிவிட்டது. பாடநூல்களில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஈரானின் முகமது மொசாதிக்கை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. எண்ணெய் நாட்டுடைமை பற்றிய பாடத்தில் தவறாமல் வரும் பெயர் அது. அவரும் சட்டம் படித்தவர். 1925-இல் ரெசா கான் மன்னராக முடிசூடுவதை நாடாளுமன்றத்தில் எழுந்து எதிர்த்த மிகச் சிலருள் ஒருவர். அதன்பின் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தார். ஆனால், அவருக்கு 1951-இல் பிரதமர் பதவி வந்தது; எண்ணெய் நாட்டுடைமையாயிற்று; 1953-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் துணைநின்ற சதியில் ஆட்சி கவிழ்ந்தது. எதிர்வரிசையில் பேசியதை ஆட்சியில் அமர்ந்து செய்துபார்க்கும் வாய்ப்பு, விலை கொடுத்தாவது, மொசாதிக்குக்குக் கிடைத்தது. சத்தியமூர்த்திக்கு அது கிடைக்கவில்லை.

கிடைத்திருக்க வேண்டிய ஆண்டு 1937. புதிய அரசியல் சட்டத்தின்கீழ் காங்கிரஸ் அமைச்சரவை அமைக்கலாமா, கூடாதா என்ற விவாதத்தில், அமைக்க வேண்டும் என்று ஓங்கிக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் சத்தியமூர்த்தி. நேரு அதற்கு எதிர்ப்பாளர். 1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார், காமராஜர் செயலாளர். தேர்தலில் சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் வென்றது. ஊர் ஊராகச் சென்று அந்த வெற்றிக்கு உழைத்தவர் அவர். நாடக மேடையில் பழகிய குரல் அது. சுகுண விலாச சபையில் வேடமிட்டு நடித்தவர். கே.பி. சுந்தராம்பாள் போன்ற கலைஞர்களைப் பிரசாரத்துக்கு அழைத்துவந்து, கலையுலகத்தைத் தமிழக அரசியலோடு இணைத்தவரும் அவரே. (இந்த இணைப்பு பின்னாளில் யார் யாருக்குப் பயன்பட்டது என்பது வேறு கதை.)

சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில் போட்டியிட எண்ணியிருந்த சத்தியமூர்த்தி, ராஜாஜிக்காக விலகிக்கொண்டார். ராஜாஜி அங்கு வென்று, 1937 ஜூலையில் மாகாணப் பிரதமரானார். அமைச்சர் பட்டியலில் சத்தியமூர்த்தியின் பெயர் இல்லை. சட்டமன்ற நுழைவை எதிர்த்தவர் பிரதமர். அதற்காகப் பதினைந்து ஆண்டுகள் வாதாடியவர் வெளியே. ராஜாஜியின் நிர்வாகத் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இந்த ஒரு செயலில் அவர் பெருந்தன்மை காட்டவில்லை என்றே கருதுகிறேன். சத்தியமூர்த்தி கட்சியை உடைக்கவில்லை. தில்லிக்குத் திரும்பி, தம் கேள்விகளைத் தொடர்ந்தார்.

1939-இல் சென்னை மேயரானார். உலகப் போர் தொடங்கியிருந்தது. நகரமோ தண்ணீரின்றித் தவித்தது. செங்குன்றம், சோழவரம் ஏரிகளை மட்டும் நம்பியிருந்த நகரம் அது. மழைக்காலத்தில் கொசஸ்தலையாற்றில் ஓடும் வெள்ளம் எண்ணூர் அருகே கடலில் கலந்து வீணாகிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றின் குறுக்கே பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் அமைக்க வேண்டும் என்று அவர் அரசோடு மன்றாடினார். போர்க்காலத்தில் பொருளும் பணமும் இல்லை என்பதே அரசு தரப்பின் இயல்பான பதில். இருபது ஆண்டுகளாகக் கேள்வி கேட்டுப் பழகியவருக்கு அந்தப் பதில் போதவில்லை. 1940 ஆகஸ்டில், அவர் மேயராக இருந்தபோதே, அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அதன் கொள்ளளவு ஏறத்தாழ 3.2 டி.எம்.சி. 1996 முதல் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் முதலில் வந்து சேருமிடம் பூண்டிதான். பொதுப்பண்டம் என்பதை விளக்க, ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கலங்கரை விளக்கத்துக்குப் போக வேண்டியதில்லை, பூண்டி போதும்.

நான்கே ஆண்டுகளில் அணை முடிந்தது. 1944-இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் அதைத் திறந்துவைத்தபோது சத்தியமூர்த்தி உயிரோடு இல்லை. 1942 ஆகஸ்டில் பம்பாய் காங்கிரஸ் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் அரக்கோணத்தில் கைதானார். தொலைவில் உள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் ஏற்பட்ட பாதிப்பு அவரைப் படுக்கையில் கிடத்தியது. 1943 மார்ச் 28 அன்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. சிறையிலிருந்து மகள் லட்சுமிக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வந்துள்ளன. அந்த மகள்தான் பிற்காலத்தில் வாசகர் வட்டம் பதிப்பகத்தை நடத்தி, நவீனத் தமிழ் இலக்கியத்துக்கு அரிய நூல்களைத் தந்த லட்சுமி கிருஷ்ணமூர்த்தி.

இனி, மாணவர்கள் சொல்லும் அந்த ஒற்றை விடைக்கு வருவோம். விருதுநகரின் எளிய குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய காமராஜரை, ஆங்கில நாவன்மைக்குப் பெயர்பெற்ற இந்த வழக்கறிஞர் தம் அரசியல் வாரிசாகக் கண்டார். 1940-இல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது, முன்னாள் தலைவரான சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராகப் பணியாற்றினார். தம்மிடம் செயலாளராக இருந்தவரிடம் செயலாளராக இருக்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகியபின் காமராஜர் சென்னை மாநில முதலமைச்சரானார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இருவரையும் காமராஜர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.