கரமனைக்கு இக்கரை – 14: பாத்திரக் கடையில் ஒரு கதைக்காரர்

ஹார்ஸ்லி துரை 1853இல் கட்டிய, திருவனந்தபுரத்துக் கரமனைப் பாலத்தில் போன வாரம் நின்றிருந்தோம். இந்த வாரம் ஆ. மாதவனின் ‘புனலும் மணலும்’ நாவலைப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக அவருடைய சிறுகதைகளைக் கையிலெடுத்ததில் நாவல் தள்ளிப்போய்விட்டது.

கரமனையிலிருந்து ஊருக்குள் நடந்தால் கிள்ளிப்பாலம். அங்கிருந்து கிழக்கேகோட்டை வரைக்கும் சாலைக் கம்போளம். திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. மிளகாய் வற்றல் நெடி, சுமட்டுக்காரர்களின் சத்தம், தமிழில் கேட்டால் மலையாளத்தில் வரும் விலை. இந்தத் தெருவில்தான் மாதவன் நெடுங்காலம் பாத்திரக் கடை நடத்தினார். ‘கடைத்தெருக் கதைகள்’ என்று தொகுப்புக்குப் பெயர் வைத்தவருக்குத் தெரு எங்கோ தொலைவில் இல்லை, கடை வாசலிலேயே இருந்தது.

1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்த அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழைத் தாமாகவே படித்துக்கொண்டார். திராவிட இயக்கப் பத்திரிகைகள் அவரை இழுத்தன. தொடக்க காலக் கதைகள் அவற்றில் வந்தன. அந்த அடுக்குமொழிக் காலத்தில் எழுத வந்தவர், பிற்பாடு ‘நாயனம்’ எழுதினார் என்பதுதான் இந்த வாரம் என்னை ஆட்டிவைத்த விஷயம்.

‘நாயனம்’ ஒரு சாவு வீட்டுக் கதை. பிணத்தை எடுக்க வேண்டும், அதற்கு நாயனம் வேண்டும். அலைந்து திரிந்து ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த அபஸ்வரம் நீள நீள, துக்கத்துக்கு வந்தவர்கள் செத்தவரை மறந்துவிடுகிறார்கள். எரிச்சல் ஒவ்வொரு முகமாக ஏறுகிறது. யார் மனசுக்குள்ளும் நுழைந்து மாதவன் விளக்கம் சொல்வதில்லை. கூட்டத்தில் ஒருவராக நின்று பார்க்கிறார். நமக்கும் காது கூசுகிறது. மரணத்தைப் பற்றி ஒரு தத்துவ வரிகூட இல்லாமல், மரணம் எவ்வளவு சீக்கிரம் அலுத்துவிடுகிறது என்று காட்டிவிடுகிறார்.

கடையில் உட்கார்ந்தவருக்கு வாய்த்த பார்வை இது என்று நினைக்கிறேன். வருகிறவன் யார், எங்கே போகிறான், வீட்டில் என்ன சண்டை என்று கடைக்காரருக்கு முழுக்கத் தெரியாது. அவன் பேரம் பேசுகிற விதம் தெரியும், காசை எடுக்கும் கை தெரியும். அந்தக் கொஞ்சத்தை வைத்து முழு ஆளையும் நிறுத்துவதுதான் மாதவனின் தொழில்நுட்பம். ‘பாச்சி’ கதையில் வருகிற நாய்க்கும் இதே கவனம் கிடைத்தது.

இதே ஊரில், இதே காலத்தில் நகுலன் இருந்தார். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1972இல் வந்த அவருடைய ‘நினைவுப் பாதை’யின் நவீனன் ஓர் எழுத்தாளன், எழுதுவதே அவனுக்குப் பிரச்சினை. மாதவனின் ஆட்களோ மூட்டை தூக்குகிறார்கள், பசியில் தவிக்கிறார்கள், திருடுகிறார்கள். யார் பெரியவர் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. நகுலனைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், மாதவனைப் பற்றிப் போதாது.

கம்போளத்துப் பேச்சு மட்டுமே அவருக்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. பி.கே. பாலகிருஷ்ணனின் ‘இனி ஞான் உறங்ஙட்டெ’, மகாபாரதக் கர்ணனைச் சுற்றி எழுந்த மலையாள நாவல். இதிகாசத்துக்குரிய நடை. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் மாதவன்தான்.

2015இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. கதைகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. 2021 ஜனவரியில் அவர் மறைந்தார்.

‘புனலும் மணலும்’ நாவலின் மணல் வாரும் அங்குசாமியும், அவன் வெறுக்கும் பங்கியும் அடுத்த வாரம். 1974இல் வந்த நாவல். கிடைத்தால் அதற்குள் ஒருமுறை படித்துவிடுங்கள். அங்குசாமியின் அந்த வெறுப்புக்கு மாதவன் ஏன் காரணமே கற்பிக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)