சீட்டுக்கட்டுக்குள் ஒரு கால்பந்து மைதானம்

சீட்டுக்கட்டுக்கு நம் குடும்பங்களில் நல்ல பெயர் கிடையாது. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சீட்டுப் போட ஆரம்பித்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிவதும் தெரியாது, வாசலில் தபால்காரர் கூப்பிடுவதும் கேட்காது என்பது பெரியவர்களின் புகார். அந்தப் புகாரில் நியாயமில்லை என்று சொல்ல நாம் துணியமாட்டோம். ஆனால் அதே 52 சீட்டுகளைக் கொண்டு, காலணாப் பந்தயங்கூட வைக்காமல், கூடத்து ஜமக்காளத்தின் மீது 22 பேர் ஆடும் கால்பந்து ஆட்டம் ஒன்றை நடத்தலாம் என்றால் வாசகர்கள் நம்புவார்களா? நம் வீட்டில் ஒரு விடுமுறைக் காலம் முழுவதும் அது நடந்தது. நடத்திப் பார்த்தபோது தெரிந்த சில விஷயங்களைப் பகிர்ந்துகொள்வதில் பிழையில்லை என்று நினைக்கிறோம்.

மைதானத்தை மேஜைக்குக் கொண்டுவரும் யோசனை புதிதன்று. 1946-ஆம் வருஷம் இங்கிலாந்தில் பீட்டர் அடால்ப் என்பவர் ஒரு சிறுவர் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'சப்பூட்டியோ' என்ற விளையாட்டு. அட்டையில் வெட்டிய ஆட்டக்காரர்களைப் பொத்தான் போன்ற அடிப்பாகத்தில் செருகி, விரலால் சுண்டிப் பந்தைத் தள்ள வேண்டும். கோல் கம்பங்கள் கம்பியால் ஆனவை, வலை காகிதம். மைதானம் மட்டும் பெட்டியில் இராது! ஒரு சாக்கட்டியை வைத்திருப்பார்கள். யுத்தம் முடிந்த சமயம் அல்லவா? வீட்டில் கிடக்கும் பழைய பட்டாளத்துக் கம்பளியை விரித்து, அந்தச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ள வேண்டியது விளையாடுகிறவர் பொறுப்பு.

அருமையான விளையாட்டுத்தான். ஆனாலும் அது நமது கேரம் பலகையைப் போல விரல் வித்தை. சுண்டத் தெரிந்தவன் ஜெயிப்பான், தெரியாதவன் தோற்பான். நாம் தேடியது வேறு. பலமான கட்சியும் பலவீனமான கட்சியும் மோத வேண்டும். ஆட்டத்தை நடத்துகிறவருக்கே முடிவு முன்னால் தெரியக்கூடாது. மைதானத்து வேலியோரம் நிற்கும் ரசிகனைப் போல அவரும் நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இத்தகைய ஆட்டங்களை வீட்டிலேயே உண்டாக்கிக்கொண்டவர்கள் உலகில் பலர். அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் கெரவாக் சிறுவனாக இருந்தபோது தமக்கென்று ஒரு 'பேஸ்பால்' உலகத்தையே சிருஷ்டித்துக்கொண்டார். கட்சிகளும் ஆட்டக்காரர்களும் அவருடைய கற்பனை. முதலில் கோலிகுண்டுகளைக் கொண்டு ஆடினார்; பிறகு தாமே எழுதிய சீட்டுகளைக் கொண்டு ஆடினார். ஆட்டங்களுக்குப் பத்திரிகைச் செய்தி எழுதுவதும் அவரே. பெரியவரான பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அந்தக் காகிதங்கள் நியூயார்க் பொது நூல் நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதே தேசத்தில் ஹால் ரிச்மன் என்ற பையன் பதினொரு வயதில், கடையில் வாங்கிய விளையாட்டில் எல்லாம் குருட்டதிர்ஷ்டமாக இருக்கிறதே என்று சலித்து, பகடைகளைக் கொண்டு தானே ஒன்று அமைத்தான். 1961-இல் அது கடைக்கு வந்தது.

ஆனால் பேஸ்பாலைச் சீட்டுக்குள் அடக்குவது சுலபம். ஒருவன் எறிகிறான், ஒருவன் அடிக்கிறான், கணக்கு தனித்தனியாக நிற்கிறது. கால்பந்து அப்படியன்று. அது நில்லாமல் ஓடும் ஆட்டம். 90 நிமிஷத்தில் நடப்பதில் பெரும்பகுதி 'ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்லத் தக்கது. அந்த ஒன்றும் நடக்காமையைச் சீட்டில் எப்படிக் கொண்டுவருவது?

பிள்ளைகள் முதலில் போட்ட விதி எல்லாப் பிள்ளைகளும் போடக்கூடிய விதிதான்: ஆளுக்கொரு சீட்டு எடுப்பது, பெரிய சீட்டுக்காரனுக்கு ஒரு கோல். அரைமணி நேரத்தில் 11-க்கு 9 என்று முடிந்தது. "இது சடுகுடு" என்று நடுப்பெண் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கால்பந்தின் ருசி முழுதும் அதன் பஞ்சத்தில் இருக்கிறது. பத்து கோல் போடுகிற ஆட்டத்தில் ஒரு கோலுக்காக யார் குதிக்கப் போகிறார்கள்?

ஆகவே காலத்திலிருந்து தொடங்கினோம். ஒரு சீட்டுக்கு 5 நிமிஷம். 18 சீட்டு புரட்டினால் 90 நிமிஷம். சிவப்புச் சீட்டு, அதாவது ஆட்டினோ டைமனோ விழுந்தால் ஒரு கட்சி முன்னேறுகிறது. கறுப்பு, அதாவது இஸ்பேடோ கிளாவரோ விழுந்தால் மற்றக் கட்சி முன்னேறுகிறது. 2 முதல் 10 வரை எதுவானாலும் அந்த முயற்சி நடு மைதானத்திலேயே முறிந்துபோகிறது. ராஜா, ராணி, ஜாக்கி, ஆஸ் என்ற 16 சீட்டுகளில் ஒன்று விழுந்தால்தான் பந்து கோலை நோக்கி உதைக்கப்படுகிறது.

இந்த 16-ஐயும் கோலாகவே கணக்கிட்டால் ஆட்டத்துக்குச் சராசரி ஐந்தரை கோல் வரும். 1954-இல் ஸ்விட்ஸர்லாந்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 26 ஆட்டங்களில் 140 கோல் விழுந்தன, சராசரி 5.38. அந்தக் கோடைக்கு நமது விதி ரொம்பப் பொருத்தம்! ஆனால் உலகக் கோப்பை மறுபடி அவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. 2022-இல் கத்தாரில் 64 ஆட்டங்களுக்கு 172 கோல்தான்; சராசரி 2.69. நமக்கு வேண்டியது அந்தச் சிக்கனம்.

வழியைக் கண்டுபிடித்தது நடுப்பெண்ணே. படச்சீட்டோ ஆஸோ விழுந்ததும் இன்னொரு சீட்டைப் புரட்ட வேண்டும். அதுவும் அதே நிறமானால் கோல். வேறு நிறமானால் கோல் கீப்பர் பிடித்துவிட்டார். மிச்சமுள்ள 51 சீட்டுகளில் அதே நிறம் 25. ஆகவே ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. பென்சிலும் காகிதமுமாகப் பெருக்கிப் பார்த்தபோது சராசரி 2.71 என்று வந்தது. கத்தாருக்கும் நம் கூடத்துக்கும் வித்தியாசம் இரண்டு நூறிலொரு பங்கு! அன்றைக்கு அவளுக்கு இரட்டைப் பங்கு முறுக்கு கிடைத்தது.

இதில் ஓர் அழகு உண்டு. முதல் சீட்டுக்கும் இரண்டாவது சீட்டுக்கும் இடையே உள்ள ஒரு கணம் இருக்கிறதே, அதுதான் மைதானத்தில் பந்து காலை விட்டுக் கிளம்பி வலையை எட்டாமல் காற்றில் நிற்கும் கணம். இஸ்பேட் ராஜாவைப் புரட்டிப் போட்டுவிட்டு அடுத்த சீட்டின் முதுகில் விரலை வைத்தபடி இளையவன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பான். "புரட்டேன்டா!" என்று மூத்தவன் கத்துவான்.

அடுத்தது பலாபலம். இதுவரை சொன்னபடி இரண்டு கட்சியும் சமம். காசைச் சுண்டிப் போடுவதற்கு மேல் இல்லை. பலமான கட்சிக்கு 10-ஆம் நம்பர்ச் சீட்டையும் படச்சீட்டோடு சேர்த்தோம். பலவீனமான கட்சிக்கு ஆஸைப் பிடுங்கிக்கொண்டோம். பலவானுக்கு 10 வாய்ப்பு, மற்றவனுக்கு 6. மொத்தம் அதே 16 ஆகையால் கோல் சராசரி மாறவில்லை, பலவானுக்கு 1.7, மற்றவனுக்கு 1.0 என்று பிரிந்தது. இப்படி ஆடினால் சுமார் பத்து ஆட்டத்தில் ஐந்தோ ஆறோ பலவான் ஜெயிப்பான். இரண்டு மூன்று சமமாக முடியும். இரண்டில் சிறியவன் ஜெயிப்பான். அந்த இரண்டுக்காகத்தானே கால்பந்து பார்க்கிறோம்!

ஒரு சந்தேகம் எழுந்தது. பகடைக்கு ஞாபகசக்தி இல்லை, சீட்டுக்கட்டுக்கு உண்டு. முதல் பாதியில் சிவப்பு ராஜாக்களெல்லாம் வந்து போய்விட்டால் இரண்டாம் பாதியில் அவர்கள் வரமாட்டார்கள். மூத்தவன் விழுந்த சீட்டுகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்து, 70-ஆவது நிமிஷத்திலேயே "இனிமேல் உனக்கு ஒன்றுமில்லை" என்று தம்பியிடம் அறிவித்துவிட்டான். தம்பியின் கண்ணில் நீர். ஆகவே 9 சீட்டு முடிந்ததும் இடைவேளை விட்டு, எல்லாச் சீட்டையும் சேர்த்துக் கலைத்துப் போடுவதென்று விதித்தோம். காப்பி குடிக்கவும் அது சௌகரியம்.

பிறகுதான் பெரிய வழக்கு வந்தது. 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் நடந்த ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். மோகன் பகான் கட்சியார் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன் ஆடி, பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்று ஜெயித்த ஆட்டம் அது. பட்டாளத்தார் முதல் கோல் போட, சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். அந்தக் கேடயத்தை ஓர் இந்தியக் கட்சி வென்றது அதுவே முதல் தடவை.

யாருக்கு 10-ஆம் நம்பர்ச் சீட்டு? பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களுக்கே பலம் என்றான் மூத்தவன். "அப்படியானால் அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்தை எப்படி ஜெயித்தார்கள்? அதற்கு முன் ரைபிள் பிரிகேடை எப்படி ஜெயித்தார்கள்?" என்று நடுப்பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. பட்டாளத்துக் கட்சிகளை வரிசையாக ஜெயித்து வந்தவர்களைப் பலவீனர் என்று எழுதி வைப்பது, அவர்கள் வெற்றியை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்ப்பதாகும். மோகன் பகானுக்கே 10-ஐக் கொடுப்பதோ அன்பு, கணக்காகாது. சமம் என்று வைத்தோம்.

புரட்டினோம். பட்டாளத்தார் 1, மோகன் பகான் 0. அறையில் சத்தமே இல்லை. இளையவன் சீட்டுகளை வாரி எடுத்து, "இது செல்லாது, மறுபடி!" என்றான். இங்கேதான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது என்று நமக்குத் தோன்றியது. நடுவர் இல்லை, பார்ப்பவர் இல்லை. கலைத்துப் போட்டு மறுபடி புரட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பிடிக்காத முடிவைக் கலைக்கலாம் என்று ஒரு தடவை இடம் கொடுத்துவிட்டால், அப்புறம் பிடித்த முடிவு வரும்போது அதில் சந்தோஷம் எங்கிருந்து வரும்? தோல்வி நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. இளையவன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. நாலு நாள் கழித்து அதே ஆட்டத்தை முறைப்படி மறுபடி ஆடி, மோகன் பகான் 3-1 என்று ஜெயித்தபோது அவன் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சில்லறை விதிகள் வேறு உண்டு. இரண்டாவது சீட்டின் எண்ணே கோல் அடித்தவரின் சட்டை எண். ஜாக்கி 11, ராணியும் ராஜாவும் 9-ஆம் எண்ணாகிய நடு முன்னணிக்காரர். ஆஸ் விழுந்தால் எதிரியே தன் கோலுக்குள் தட்டிவிட்டதாக அர்த்தம். பின்தங்கிய கட்சி எந்நேரமும் "முன்னேறு!" என்று அறிவிக்கலாம், அதிலிருந்து இரு தரப்புக்கும் 10-ஆம் நம்பர்ச் சீட்டும் வாய்ப்பாகும். சில சமயம் சமன் செய்வார்கள், பல சமயம் இன்னொரு கோல் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஜோக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஜோக்கரைக் கட்டில் சேர்த்தோம். அது முதல் சீட்டாக விழுந்தால் பெனால்டி. அடுத்த சீட்டின் நிறம் யாருக்குப் பெனால்டி என்று சொல்லும். அதற்கடுத்த சீட்டு கிளாவர் ஆனால் வீண், மற்ற எதுவானாலும் கோல். நாலில் மூன்று பங்கு கோல் என்பது மைதானத்து அனுபவத்துக்கு ஒத்ததே. அதே ஜோக்கர் இரண்டாவது சீட்டாக விழுந்தாலோ பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது!

இந்த ஜோக்கர்தான் 1948-ஐ நினைவூட்டியது. லண்டன் ஒலிம்பிக்கில் ஜூலை 31-ஆம் தேதி நம் நாட்டுக் கட்சி பிரான்ஸுடன் மோதியது. சுதந்தரம் வந்து ஒரு வருஷங்கூட ஆகவில்லை. பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினார்கள். ராமன் ஒரு கோல் போட்டார். சைலேன் மன்னாவுக்கு ஒன்றும் மகாவீர் பிரசாத்துக்கு ஒன்றுமாக இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் வீண். கடைசி நேரத்தில் பிரான்ஸ் ஒன்று அடித்து 2-1 என்று ஜெயித்துவிட்டது. நமது விதிப்படி இரண்டு பெனால்டியும் வீணாவதற்குப் பதினாறில் ஒரு பங்குதான் இடமுண்டு. ஒரே ஜோக்கர் போதாதென்று அந்த ஆட்டத்துக்கு மட்டும் இரண்டு ஜோக்கர் வைத்தோம். பிரான்ஸைப் பலமான கட்சியாக வைக்க இந்தத் தடவை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இளையவன் கையெழுத்தில் இருக்கிறது. இந்தியா 1, பிரான்ஸ் 1. கோல்: ராமன், 35-ஆவது நிமிஷம். ஓரத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: "80-ஆவது நிமிஷம், மன்னா, பெனால்டி — கிளாவர் 4."