நான்கு தடவை ரொறன்ரோவுக்கு வந்த ரொனி பெர்னாண்டஸ்

அஜின்கோர்ட்டில் வெயில் காலம் பிறந்துவிட்டால் எமது பிள்ளைகளின் வாயில் பேஸ்போல் கதைதான். கிரிக்கெட்டிலே ஊறிப்போன நாமோ, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து "இதென்ன விளையாட்டு?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடுகிறோம். பிள்ளைக்கும் எமக்கும் இடையே இப்படியும் ஒரு தூரம் விழுகிறது. அதைச் சற்றுக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில், இந்த நகரம் மறக்காத ஓர் ஆட்டக்காரரின் கதையை இங்கே தருகிறோம்.

ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணிக்காக மிகக்கூடிய ஆட்டங்களில் விளையாடியவர் ரொனி பெர்னாண்டஸ். மொத்தம் 1,450 ஆட்டங்கள். அவர் கனடாவில் பிறந்தவரல்லர். ஆங்கிலம் பேசும் நாட்டில் பிறந்தவருமல்லர்.

கரும்பு ஊரின் பிள்ளை

டொமினிக்கன் குடியரசில் சான் பெட்ரோ டி மகோரிஸ் என்றொரு கரையோரப் பட்டினம். கரும்பும் சீனி ஆலைகளும்தான் அதன் சீவியம். பிரித்தானியர் ஆண்ட கரீபியன் தீவுகளிலிருந்து கரும்பு வெட்டவும் ஆலைகளில் வேலை செய்யவும் அங்கு போன கூலியாட்கள், கிரிக்கெட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். பின்னர் அவர்களின் பிள்ளைகள் பேஸ்போலுக்கு மாறினார்கள். பால் பெட்டி மட்டையைக் கையுறையாக மடித்து விளையாடிய சிறுவர்கள் நிறைந்த ஊர் அது.

அங்கே 1962ஆம் ஆண்டு ஜூன் 30இல் பிறந்தார் பெர்னாண்டஸ். 1979இல், பதினேழு வயது நிறையும் முன்னரே, புளூ ஜேய்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. சிறு அணிகளில் பழகி 1983இல் ரொறன்ரோவுக்கு வந்தார். அவருக்கு முன்னர் அந்த இடத்தில் ஆடிய அல்பிரெடோ கிரிபினும் டொமினிக்கன்காரரே. கிரிபின் வேறு அணிக்கு மாற்றப்பட, 1985இல் இடம் இளையவருக்கு நிரந்தரமாயிற்று.

கிளித்தட்டு தெரிந்தால் போதும்

பேஸ்போலில் நான்கு முனைகள். ஒன்றிலிருந்து மற்றது 90 அடி. பந்தை அடித்தவர் ஒவ்வொரு முனையாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். இரண்டாம், மூன்றாம் முனைகளுக்கு இடையில் நிற்கும் காவலாளிதான் ஷோர்ட்ஸ்டொப். கிரிக்கெட்டில் மிட் ஓன் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகமான பந்துகள் வேகமாக உருண்டு வருவது அவரிடந்தான். எட்டாத பந்தையும் ஓடிப் பிடித்து, நிமிராமலே பக்கவாட்டில் முதலாம் முனைக்கு எறிந்துவிடுவது பெர்னாண்டஸின் கைவண்ணம். 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு வருடங்கள் அவருக்குத் தங்கக் கையுறை விருது கிடைத்தது.

இனி 'களவு' எடுப்பது. முதலாம் முனையில் நிற்பவர், பந்து அடிபடும்வரை காத்திராமல், பந்து எறிபவர் கையை அசைத்த கணத்தில் இரண்டாம் முனைக்குப் பாய்வார். பின்னால் குந்தியிருக்கும் பந்துபிடிப்பவர் எழும்பி அங்கே எறிவார். எல்லாம் மூன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். கால் வேகம் மட்டும் போதாது. கிளித்தட்டில் கோட்டுக்காரனின் கண்ணையும் தோளையும் பார்த்துத்தானே அடுத்த பெட்டிக்குள் பாய்வோம்? அதே சாதுரியந்தான். பெர்னாண்டஸ் 1987இல் மாத்திரம் 32 முனைகளைக் களவெடுத்தார். வாழ்நாளில் 246.

உடைந்த முழங்கை

1986இல் அவர் 163 ஆட்டங்களில் விளையாடி, பந்தை அடித்து 213 தடவை முனை சேர்ந்தார். 

அடுத்த வருடம் ரொறன்ரோ தன் பிரிவில் முன்னணியில் நின்றது. செப்டெம்பர் 24இல் டெற்றொயிற் அணியுடன் ஆட்டம். இரண்டாம் முனையைக் காத்துநின்ற பெர்னாண்டஸ்மீது ஓடிவந்த ஆட்டக்காரர் சறுக்கி மோத, விழுந்த வேகத்தில் அவருடைய முழங்கை உடைந்தது. பருவத்தின் கடைசி ஏழு ஆட்டங்களையும் தோற்ற ரொறன்ரோ, இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முதலிடத்தை டெற்றொயிற்றிடம் இழந்தது.

போனார், வந்தார்

1990 டிசம்பரில் அணி அவரையும் பிரெட் மக்கிரிப்பையும் சான் டியேகோவுக்குக் கொடுத்து, ரொபேர்ட்டோ அலோமரையும் ஜோ கார்ட்டரையும் வாங்கியது. 1992இல் ரொறன்ரோ முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்கு நிகரான 'வேர்ள்ட் சீரிஸ்' வெற்றியைக் கொண்டாடியபோது, அத்தனை வருடம் உழைத்தவர் அங்கு இல்லை. ஆனால் 1993 ஜூனில் திரும்ப அழைக்கப்பட்டார். அவ்வருட இறுதித் தொடரில் ஒன்பது ஓட்டங்கள் அவர் அடித்த அடிகளால் வந்தன. ரொறன்ரோ மீண்டும் வென்றது.

1997இல் கிளீவ்லன்ட் அணிக்காக ஆடினார். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தன் அணியின் இரண்டு ஓட்டங்களும் அவர் அடித்த ஒரே அடியில் வந்தவையே. பதினோராம் சுற்றிலோ ஒரு பந்து அவருடைய கையுறைக்குக் கீழால் போயிற்று, கிளீவ்லன்ட் தோற்றது. இரண்டு ஓட்டங்களையும் மறந்து, அந்த ஒரு பந்தையே பலர் பேசினார்கள். அவர் ஒதுங்கிவிடவில்லை. 1998இல் மறுபடியும் ரொறன்ரோ வந்தார். 37 வயதில், 1999இல், ஆயிரத்துக்கு 328 என்ற அடி விகிதம். முந்நூறு எடுத்தாலே கெட்டிக்காரன் என்பார்கள். 2001இல் நான்காவது தடவையாக வந்து, இங்கேயே விளையாட்டை முடித்தார். அந்த வருடமே அணியின் உயர் கௌரவ வரிசையில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. சிறுநீரக நோயினால் 2020 பெப்ரவரியில், 57 வயதில், புளோரிடாவில் காலமானார்.

அவர் எம்மைப் போல அகதியாக வந்தவரல்லர். ஒப்பந்தத்துடன் வந்தவர். எனினும் அந்நிய மொழி, குளிர், 'நீ வேண்டாம்' என்று அனுப்பிவைக்கப்பட்ட நாட்கள் யாவும் அவருக்கும் உண்டு. எங்கே பிறந்தாய் என்ற கேள்வியைவிட, எத்தனை நாள் எங்களோடு நின்று உழைத்தாய் என்பதையே இந்த நகரம் கடைசியில் கணக்கில் எடுத்தது. 1,450 என்ற எண்ணிக்கைக்கு அதுதான் பொருள் என்று நாம் நினைக்கிறோம்.

பெற்றோரே, அஜின்கோர்ட் நிலையத்தில் கோ ரயிலேறினால் யூனியன் நிலையம். அங்கிருந்து மூடிய நடைபாதை வழியே விளையாட்டரங்குக்கு நடந்தே போகலாம். செலவு அதிகமென்றால் பக்கத்துப் பூங்காவே போதும். ஒரு மாலை பிள்ளையிடம் ஆட்டத்தின் விதிகளைக் கேளுங்கள். பதிலுக்குக் கிளித்தட்டைச் சொல்லிக்கொடுங்கள்.